எங்கள் தோட்டத்துக் கீரையும் ஒரு கேள்வியும்



2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைக் கடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையின் நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற நாட்கள் அவை. தக்காளிக்குப் பெயர்போன இராயக்கோட்டைச் சந்தை எங்களுக்கு வெகுதொலைவில் இல்லை. ஆயினும் ரசத்திற்குப் புளியை மட்டும் கரைத்துவிட்டு எழுந்த ஒரு மாலையில்தான், வீட்டின் பின்புறம் சும்மா கிடந்த மண்ணை நாங்கள் முதன்முறையாக உற்றுப் பார்த்தோம்.

நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்தவர்கள். எங்களுள் ஒருவருக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. கணவன், மனைவி, உம்மா, எட்டு வயது மகள் என நால்வர். கெலவரப்பள்ளியில், வரிசையாகக் கட்டப்பட்ட ஐந்து வாடகை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. கடைசி வீடு என்பதால் பின்புறம் ஏறத்தாழ ஒரு சென்ட் செம்மண் நிலம் எங்கள் பங்கிற்கு வாய்த்தது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கும் குளிர்ந்த ஊர் இது. உப்புக்காற்றும் மணலுமாக வளர்ந்த எங்களுக்கு, எதை ஊன்றினாலும் முளைத்துவிடும் மண்ணாகவே இது தோன்றியது.

ஒரு முஸ்லிம் மரம் நட்டோ பயிர் விதைத்தோ, அதிலிருந்து ஒரு பறவையோ மனிதரோ பிராணியோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதை மகளுக்குச் சொல்லி, பிஸ்மில்லாஹ் கூறி, ஆடிப்பட்டத்தில் வேலையைத் தொடங்கினோம். தக்காளி நாற்று இருபது, கத்தரி ஆறு, மிளகாய் ஆறு, வெண்டை இரண்டு வரிசை, பந்தலுக்குச் சுரை இரண்டு குழி, வேலியோரம் அவரை, நடுவில் ஒரு பாத்தி சிறுகீரை. மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, நாற்று, விதை, பந்தல் கம்பு எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூறு ரூபாய் செலவானது. இத்தனை பயிரையும் ஒரு சென்ட்டில் திணித்ததுதான் எங்கள் முதல் தவறு.

எதற்காகத் தோட்டம் போட்டோமோ அந்தத் தக்காளியே முதலில் கைவிட்டது. நட்ட மூன்றாம் வாரத்தில் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, கிண்ணம் போலக் குவிந்து, செடி வளராமல் நின்றது. இலைச்சுருள் நோய். வெள்ளை ஈக்கள் ஒரு செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த செடிக்குச் செல்லும்போது நோய்க்கிருமியையும் சுமந்து செல்கின்றன. வறண்ட, வெப்பமான நாட்களில் அவை பெருகும். அந்த ஆண்டு ஆகஸ்டு, 1901 முதல் பதிவான ஆகஸ்டு மாதங்களிலேயே நாட்டில் மழை மிகக் குறைந்த மாதமாக அமைந்தது. போதாக்குறைக்கு, செடிகளை ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் நட்டிருந்தோம். நோய் வந்த செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி என்று அறிந்தபோது மனம் கேட்கவில்லை. ஒரு வாரம் தயங்கினோம். அந்த ஒரு வாரத்தில் ஐந்து செடிகளில் இருந்த நோய் பதினான்கு செடிகளுக்குப் பரவியது. எஞ்சிய ஆறு செடிகள் காய்த்துப் பழுத்தபோது செப்டம்பர் பிறந்துவிட்டது. சந்தையில் தக்காளி விலை தரைமட்டத்திற்குச் சரிந்திருந்தது. பழுத்தவற்றிலும் நல்லவற்றைக் கொண்டைக்குருவிகள் கொத்திச் சென்றன. “குருவி தின்னா நமக்கு நன்மைதானே?” என்று மகள் நினைவூட்டியபோது எங்களால் மறுத்துப் பேச இயலவில்லை.

வெண்டையும் ஏறத்தாழ அவ்வாறே. இலை நரம்புகள் மஞ்சளாகிப் பின்னலிட்ட வலைபோல் தெரிந்தன. அதற்கும் வெள்ளை ஈயே காரணம். கத்தரி மட்டும் தப்பியது. நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு துளைத்திருக்கிறது என்று பொருள். தினமும் காலையில் அத்தகைய நுனிகளைக் கிள்ளி அழித்து வந்ததால் பெரும்பாலான காய்கள் பிழைத்தன. தக்காளியில் காட்டத் தவறிய உறுதியைக் கத்தரியில் காட்டினோம், அவ்வளவே வேறுபாடு.

ஆனால் இந்தப் பருவத்தைப் பற்றி எழுத எங்களைத் தூண்டியது தக்காளியன்று, கீரை.

ஆகஸ்டு நடுவில் எங்கள் வரிசை வீடுகளுக்கான ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றத் தொடங்கியது. காலையில் ஒரு மணிநேரம் மட்டுமே மோட்டார் போடுவதென வீட்டு உரிமையாளர் முடிவு செய்தார். குடிக்க, சமைக்க, குளிக்கப் போக எஞ்சியதைப் பெரிய செடிகளுக்குத் தந்தோம். வேர் ஆழம் செல்லாத கீரைதான் முதலில் தலைசாய்த்தது. அரை மைல் தொலைவில் அணையின் கால்வாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மாலைதோறும் இருசக்கர வண்டியில் இரண்டு இருபது லிட்டர் கேன்களைக் கட்டிக்கொண்டு சென்று, அந்நீரைக் கொணர்ந்து கீரைப் பாத்திக்கு மட்டும் ஊற்றினோம். ஏறத்தாழ இரண்டு வாரங்கள்.

கெலவரப்பள்ளி அணையைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நந்திமலையில் பிறந்து, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்ற பெயருடன் பெங்களூருவின் கிழக்குப் புறமாக வரும் தென்பெண்ணையாறு, தமிழகத்திற்குள் நுழைந்ததும் தேங்கும் முதல் அணை இது. முழு நீர்மட்டம் 44.28 அடி. இதன் வலது, இடது கால்வாய்களை நம்பி 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. வர்த்தூர் ஏரி வழியாகவும் பிற வழிகளாகவும் பெங்களூருவின் கழிவுநீர் இவ்வாற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை பனிமலை போல் பொங்கி நிற்பதை நீங்கள் செய்திகளில் பார்த்திருக்கலாம். நாங்கள் அதை நேரில் பார்த்தவர்கள். வாசனையை முகர்ந்து வண்டியின் வேகத்தைக் கூட்டியவர்கள். ஆயினும் அந்த மாலைகளில் கால்வாயில் நுரை இல்லை, நீர் ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. அதுவே போதும் என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம்.

கீரை செழித்தது. அப்படியொரு பச்சையை நாங்கள் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. ஆகஸ்டு இறுதியில் முதல் அறுவடை. பகிர்ந்துண்ண வேண்டும் என்ற ஆவலில், நாங்கள் சமைப்பதற்கு முன்பே நான்கு வீடுகளுக்கும் ஒவ்வொரு கட்டு கொடுத்தோம். மகளுக்குக் குர்ஆன் கற்பிக்கும் உஸ்தாதின் வீட்டிற்கும் ஒன்று. பக்கத்து வீட்டுச் சகோதரிக்குப் பால்மறவாக் குழந்தை ஒன்றும், அப்போதுதான் சோறு உண்ணப் பழகிய இரண்டு வயதுப் பெண் ஒன்றும். பருப்புடன் மசித்துக் குழந்தைக்கு ஊட்டியதாகவும், “இந்த மாதிரி ருசியே பாத்ததில்லக்கா” என்றும் அவர் கூறியபோது உள்ளம் நிறைந்தது. சதகா செய்துவிட்டோம் என்ற நிறைவு அது.

மறுநாள் மாலை, எங்கள் வீட்டிற்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் வேலியோரம் நின்றார். மகள் அவரைத் தாத்தா என்றே அழைப்பாள். அவருக்கும் ஒரு கட்டை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. தழையை ஒருமுறை பார்த்தார்.

“எந்தத் தண்ணிம்மா உட்டீங்க இதுக்கு?”

சொன்னோம்.

“நாங்க அந்தத் தண்ணில பூவு வெப்போம். கீரையும் வெச்சிருக்கோம், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஊட்டுக்குன்னு எடுத்துக்க மாட்டோம்.”

“அப்போ அது சந்தைக்குப் போகுமா தாத்தா?” என்று கேட்டாள் மகள்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பின்னர், “எங்களுக்கு வேற தண்ணி எங்க கண்ணு இருக்கு?” என்று கூறிவிட்டு நடந்தார்.

அவரைக் குறைகூற எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பரம்பரையாக இந்த ஆற்றை நம்பியவர் அவர். ஆறு கெட்டதில் அவருடைய கை இல்லை. எங்களுக்கோ வேறு வழி இருந்தது. கீரையை வாடவிட்டிருக்கலாம்.

அன்றிரவு எங்கள் பங்குக் கீரை சமையலறையில் அப்படியே இருந்தது. உண்ண மனம் வரவில்லை. அப்போதுதான் அடுத்த எண்ணம் குத்தியது. நாம் உண்ணத் தயங்குவதை ஐந்து வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறோமே! பூமியிலிருந்து வெளிப்படுத்தித் தரப்பட்டவற்றில் நல்லதையே வழங்க வேண்டும், நாமே கண்ணை மூடிக்கொண்டன்றி ஏற்காத மட்டமானதைப் பிறருக்கென நாடக்கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 267 ஆம் வசனம் எச்சரிப்பதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். பழைய துணியையும் கிழிந்த ரூபாய்த் தாளையும் பற்றியது என்றே அதை எண்ணியிருந்தோம். பசுமையாகப் பளபளக்கும் ஒரு கீரைக் கட்டும் அதற்குள் அடங்கும் என்று தோன்றியதில்லை.

சொல்வதா, விடுவதா என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கொடுத்தது கொடுத்ததாகிவிட்டது, சிலர் உண்டும் விட்டார்கள், இனிச் சொல்லி அவர்களைக் கலங்கடிப்பானேன் என்று ஒரு வாதம். இரண்டு வார நீரால் பெருங்கேடு வந்துவிடாது என்று இன்னொரு வாதம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் கீரைவகைகள் நீரிலும் மண்ணிலும் உள்ள கன உலோகங்களைக் காய்களைவிட அதிகமாக இலைகளில் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. மேலே ஒட்டிய அழுக்கு கழுவினால் போகும், உள்ளே ஏறியது போகாது. எங்கள் கீரையில் எது எவ்வளவு இருந்தது என்பதை அறிய எங்களிடம் சாதனம் ஏதுமில்லை.

உம்மாதான் முடித்துவைத்தார். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்ததும், அடியில் ஈரம் இருந்ததும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் முஸ்லிமில் உள்ள செய்தி. “நனைஞ்சது அவர் குத்தம் இல்ல. மறைச்சதுதான் குத்தம். போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றார் உம்மா.

ஐந்து வீடுகளுக்கும் சென்றோம். கீரை கொண்டுபோன அதே வாசல்கள். உஸ்தாத் பொறுமையாகக் கேட்டு, இத்தனை தூரம் வந்து சொன்னதற்காக துஆ செய்தார். ஒரு வீட்டில், “நாம வாங்குற கீரையெல்லாம் எந்தத் தண்ணில வெளஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?” என்று சிரித்தார்கள். இரண்டு வீடுகளில் இன்னும் சமைத்திருக்கவில்லை, எங்கள் முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சகோதரி ஒன்றும் பேசவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “முன்னாடியே யோசிச்சிருக்கலாம்லக்கா” என்று மட்டும் கூறிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் எங்கள் வீட்டிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இறைவனருளால் குழந்தைக்கு எதுவும் நேரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அக்குழந்தை இருமியபோதும் சுவருக்கு இப்பால் நாங்கள் விழித்திருந்தோம்.

பாத்தியில் நின்ற கீரையைப் பிடுங்கி, மேல்மண்ணையும் வெட்டியெடுத்து, பயிரில்லாத மூலையில் குழிதோண்டிப் புதைத்தோம். ஆட்டுக்கும் போடவில்லை, உரக்குழியிலும் சேர்க்கவில்லை.

நீர்ச்சிக்கல் தீரவில்லை. விடை எங்கள் வீட்டுக் குழாயடியிலேயே இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு உளூ செய்யும்போது எவ்வளவு நீர் போகிறது என்று ஒருநாள் கீழே வாளியை வைத்து அளந்தோம். ஒருவருக்கு நான்கு லிட்டர்! நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்வார்கள் என்பது ஹதீஸ். இரு கைகளைக் குவித்தால் கொள்ளும் அளவு அது, ஏறத்தாழ முக்கால் லிட்டர். குடம் விலைகொடுத்து நீர் வாங்கிய ஊரில் வாழ்ந்த உம்மா, இன்றும் ஒரு செம்பு நீரில் உளூவை முடித்துவிடுகிறார். ஓராண்டாக அவரைப் பார்த்துக்கொண்டே நாங்கள் குழாயைத் திறந்துவிட்டிருந்தோம். அன்றுமுதல் நாங்களும் செம்புக்கு மாறினோம். உளூ நீர், அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் எல்லாம் ஒரே வாளியில் சேர்ந்தன. சோப்புக் கலக்காத நீர் என்பதால் செடிக்குத் தீங்கில்லை. நாளொன்றுக்கு இருபத்தைந்து லிட்டர் அளவு கிடைத்தது. காய்ந்த தழையைச் செடியடியில் மூடாக்காகப் பரப்பியதும், எஞ்சிய செடிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சுரை அந்நீரில்தான் பந்தலேறியது. முதலில் பூத்த பெண்பூக்கள் விரல்நீளப் பிஞ்சுடன் வெம்பி உதிர்ந்தன. சுரைப்பூ மாலையில் விரிவது. அந்திப் பூச்சிகள் வந்தால்தான் மகரந்தம் சேரும். எங்கள் பின்புறத்திற்கு அவை அதிகம் வரவில்லை போலும். மஃரிப் தொழுகை முடிந்ததும், அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் சிறு பிஞ்சுடன் நிற்கும் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவினோம். மதீனாவில் மக்கள் பேரீச்சைக்குக் கைமுறையாக மகரந்தம் சேர்த்து வந்ததும், அதை விட்டுவிட்ட ஆண்டில் விளைச்சல் குறைந்ததும், உலகக் காரியங்களை நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்தை நபியவர்கள் கூறியதும் அப்போது நினைவுக்கு வந்தன. துஆ கேட்பதும் பூவைத் தடவுவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பதை மகள் அந்தப் பந்தலின் கீழ் கற்றாள். மொத்தம் பதினோரு காய்கள். ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் நபி (ஸல்) அவர்கள் சுரைத்துண்டுகளைத் தேடியெடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்றுமுதல் சுரைக்காயை விரும்பலானார்கள் என்று புகாரியில் வருகிறது. அச்செய்தியைக் கேட்ட நாள்முதல் எங்கள் மகளும் சுரைக்காயை ஒதுக்குவதில்லை.

அவரை எங்கள் பொறுமையைச் சோதித்தது. வேலி முழுதும் படர்ந்து, அக்டோபர் வரை ஒரு பூவும் இல்லை. வெறும் இலைக்கு நீர் ஊற்றுவானேன் என்று வெட்டிவிடும் நிலைக்கு வந்துவிட்டோம். வேலியோரம் வந்த தாத்தாதான் தடுத்தார். “பகல் சுருங்கணும் கண்ணு. பனி எறங்கட்டும்” என்றார். நாட்டு அவரை பகற்பொழுது குறைந்தால்தான் பூக்கும் இனம். நவம்பர் முடியும்போது கொடியெங்கும் ஊதாப்பூ. டிசம்பர், ஜனவரி இரு மாதங்களும் காய்த்துக் குலுங்கியது. பனி விழும் அந்நாட்களில் எல்லைக்கு இருபுறமும் அவரை மணக்காத சமையலறை இல்லை.

காய்களை இம்முறை யாருக்கும் நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. துணிவு வரவில்லை. ஜனவரியில் ஒரு காலை, பக்கத்து வீட்டுச் சகோதரி வேலிக்கு அப்பால் நின்றார். இடுப்பில் சின்னவன், கையைப் பிடித்தபடி பெரியவள்.

“எந்தத் தண்ணிக்கா?”

வாளியைக் காட்டினோம். செம்பையும் காட்டினோம். அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு முந்தானையை விரித்தார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்குக் கிடைத்த சிறந்த அறுவடை அதுவே. கணக்குப் பார்த்தால், செலவிட்ட ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு ஈடாகக் காய் கிடைத்ததா என்பது ஐயமே. தக்காளியும் வெண்டையும் தோற்றன. கத்தரியும் மிளகாயும் தேறின. சுரையும் அவரையும் வென்றன. கீரையை எந்தப் பத்தியில் எழுதுவதென்று இன்றும் தெரியவில்லை.

தோட்டம் போட எண்ணும் சகோதர சகோதரிகளுக்கு அனுபவத்தில் கண்ட சில சொற்கள். ஆசைப்பட்டதையெல்லாம் ஒரே பருவத்தில் நடாதீர்கள். நோயுற்ற செடியை அன்றே பிடுங்குங்கள். விதை வாங்குமுன் நீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். கொடுக்கும்போது, அதே கட்டை உங்கள் பிள்ளையின் தட்டில் வைப்பீர்களா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தவறிவிட்டால், போய்ச் சொல்லிவிடுங்கள். கதவு சாத்தப்படலாம். அது மீண்டும் திறக்கப்படுவதும் அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளதே.

நன்றாக முற்றிய அவரை நெற்றுகளை உலர்த்தி, சாம்பலில் புரட்டி, ஐந்து பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், வரும் ஆடியில் வீட்டுக்கு ஒன்று. தாத்தா மட்டும் அவருக்குரியதை இப்போதே கேட்டு வாங்கிச் சென்றுவிட்டார். வாய்க்கால் நீரில்தான் அதையும் விதைப்பார். அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. இந்த ஆற்றை அசுத்தப்படுத்துவோருக்கு நல்லுணர்வையும், இதை நம்பி வாழ்வோருக்குத் தூய நீரையும், நம் அனைவருக்கும் தூய்மையான உணவையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.